உஷார்! வேலி நம்ம ஊர் எல்லையோடு நின்றுவிட்டது

போன வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்கிறார். நாற்றங்காலை ஒட்டின வரப்பில் ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் சிவப்புத் துணி. நாலு வயல் தள்ளி இன்னொன்று. மத்தியானம் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். "சர்வே எடுக்கிறோம் ஐயா. பட்டா ஜெராக்ஸ் ஒண்ணு கொடுங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." என்ன சர்வே என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்று பதில். பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். ராத்திரி சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னார், காகிதத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் குச்சி எதற்கென்று எனக்குத் தெரியாது. சாலைக்காக இருக்கலாம், வாய்க்காலுக்காகவும் இருக்கலாம். ஆனால் காரைக்கால் கோவில்பத்திலும் அதைச் சுற்றியும் ஒரு காணி நிலம் வைத்திருப்பவர்கூட இப்படிக் கையெழுத்துப் போடக்கூடாத காலம் இது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு கிடையாது. மீத்தேன் கிடையாது, ஷேல் வாயு கிடையாது. துத்தநாக, செம்பு உருக்காலைகளும் கிடையாது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை என்ற குறை உண்டு. இருந்தும் அதன் பலம் 2023-ல் தெரிந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டு முதல்வர் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். விவசாயிகள் கொதித்தார்கள். ஏப்ரலிலேயே மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நாம் புதுச்சேரிக்காரர்கள், அந்தச் சட்ட வேலிக்குள் இல்லை. வடக்கே தரங்கம்பாடி வேலிக்குள், தெற்கே நாகூர் வேலிக்குள், மேற்கேயும் வேலிதான். நடுவில் காரைக்கால் மட்டும் திறந்து கிடக்கிறது. மண் ஒன்று, ஆற்றுத் தண்ணி ஒன்று, சட்டம் மட்டும் வேறு. பூமிக்கடியில் இருக்கும் பாறைக்கு வாஞ்சூரில் எல்லை முடிகிறது என்று தெரியுமா?

சரி, இங்கே தோண்ட யார் வரப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, 2022-ஐ ஞாபகப்படுத்துகிறேன். உக்ரைனில் போர் தொடங்கியதும் ரஷ்ய எரிவாயு குறைந்து, ஐரோப்பா குளிர்காலத்துக்குப் பயந்து உலகச் சந்தையில் வந்த திரவ எரிவாயுக் கப்பல்களை என்ன விலைக்கும் வாங்கியது. ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோமின் ஜெர்மனிக் கிளை கைமாறியதில், நம் நாட்டு கெயில் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தப்படி வரவேண்டிய சரக்கே வராமல் போனது. ஒரு கண்டத்துக்குக் குளிரெடுத்தால் இன்னொரு கண்டத்தில் உரத் தொழிற்சாலைக்குக் காஸ் கிடைப்பதில்லை. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் நாம் வெளியிலிருந்துதான் வாங்குகிறோம், எரிவாயுவில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு தடவை விலை ஏறும்போதும் டெல்லியில் எழுகிற குரல் ஒன்றுதான்: உள்நாட்டில் தோண்டு. உள்நாட்டு எண்ணெய் வரைபடத்தில் நம் காவிரிப் படுகையும் இருக்கிறது.

தோண்டுவதற்கான வழியும் சுலபமாகிக்கொண்டே வருகிறது. 2016-ல் வந்த கொள்கைப்படி ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றையும் எடுக்கலாம். எந்த இடம் வேண்டும் என்பதைக் கம்பெனியே கைகாட்டலாம். 2020 ஜனவரி 16-ல் சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தி, ஆய்வுக் கிணறு போடுவதற்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது முதல் துளை போடும்வரை நம்மைக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2025-ல் எண்ணெய்வயல் சட்டத்தையும் திருத்தினார்கள். விதி மீறினால் ஜெயில் என்றிருந்தது போய், இப்போது அபராதம் மட்டும்.

அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியால் இந்த ஊருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000-லிருந்து இந்தப் படுகையின் காஸில்தான் ஓடுகிறது. எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள். என் பயம் அடுத்து வருவதைப் பற்றி. எல்லையில் இருக்கிற ஊருக்கு என்ன நடக்கும் என்பதை நாகூர்க்காரர்களிடம் கேளுங்கள். நிலக்கரி இறங்குகிற காரைக்கால் துறைமுகம் புதுச்சேரி மண்ணில், தூசி படிகிற மொட்டை மாடி தமிழ்நாட்டில். எத்தனை வருஷமாக அவர்கள் போராடுகிறார்கள்! கடனில் மூழ்கின அந்தத் துறைமுகத்தை 2023-ல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வாங்கியது. முதலாளி மாறினார், எல்லைக்கோடு மாறவில்லை.

நமக்காகக் கேட்க ஆளும் குறைவு. உள்ளாட்சித் தேர்தல் இங்கே கடைசியாக நடந்தது 2006-ல். 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு பத்து வருஷத்துக்கு மேல் நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் அதிகாரிகள்தான். ஒன்றிய நிதிக் குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கிலும் புதுச்சேரி இல்லை. டெல்லி பார்த்துக் கொடுப்பதுதான். கையேந்தி நிற்கிற அரசு டெல்லியிடம் எவ்வளவு தூரம் முரண்டு பிடிக்கும்?

ஆகவே கையெழுத்தில் உஷார். எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிப்பதற்கு 1962-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகிற பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச் சேதத்துக்குத் தனியாக. அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாகவேண்டும். எத்தனை பேர் நம்மூரில் அரசிதழ் படிக்கிறார்கள்? வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டா ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். கேட்டு வருகிறவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதைப் போய்ச் சொல்லுங்கள்.

நம்ம பார்வதீஸ்வரர் கோயில் இருக்கிற தலத்துக்குத் திருத்தெளிச்சேரி என்று பெயர். சிவனே உழவனாக வந்து இங்கே விதை தெளித்தார் என்கிறது தலபுராணம். பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை முதன்முதலாக வயலில் இறக்கினார். திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் சர்வே எண்ணில் ஆய்வு நடத்த யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தோம். 30 நாளில் பதில் வரவேண்டும். நாற்று அதற்குள் பறிப்புக்கு வந்துவிடும். குச்சியைப் பிடுங்கவா என்று கேட்டார், வேண்டாம் பெரியப்பா, படம் எடுத்து வைப்போம் என்றேன். எடுத்து வைத்திருக்கிறோம்.