தெருவும் ஒரு வாய்க்கால்

ஹூஸ்டனில் கனமழை பெய்தால் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, “அமெரிக்காவிலுமா!” என்றார். கோளாறல்ல, திட்டமே அப்படித்தான். குழாய் நிரம்பினால் மிச்சத்தைத் தெரு தாங்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. 2017 ஹார்வி புயலில் தெருவும் தாங்கவில்லை. ஒரே நாளில் சுமார் 13 அங்குலம் என்றிருந்த ‘நூறாண்டு மழை’ (எந்த ஓர் ஆண்டிலும் பெய்ய நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழை) அளவை, 2018-இல் ஏறக்குறைய 18 ஆக உயர்த்தினார்கள். அதே ஆண்டு, ஹூஸ்டனின் பெரும்பகுதி அடங்கிய ஹாரிஸ் கவுண்டி மக்கள் 250 கோடி டாலர் வெள்ளத்தடுப்புக் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். இங்கே புதுச் சாலைக்குக் கோடு போடும்போதே, கான்கிரீட்டிலிருந்து வழிந்தோடும் நீருக்குத் தேக்கக்குளம் வெட்டவும் இடம் பார்க்க வேண்டும். மழையில்லா நாளில் அது வெறும் புல்பள்ளம், பிள்ளைகள் பந்தாடுவார்கள். இங்கே வீடு வாங்க வருகிறவர்கள் சமையலறைக்கு முன் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள்.