பேய் விளையாட்டில் யாரும் அழக்கூடாது!

நான் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் எடிசன் என்கிற ஊரில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு வீடுதான் உத்தியோகம்! இங்கே அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், பிள்ளைகள் வாயில் 'ஹாலோவீன்' தவிர வேறு பேச்சே கிடையாது. அந்த நாளில் குழந்தைகளுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம், எப்படி வைக்கலாம் என்று நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பெண்களுக்கு உபயோகமாக இருக்கும். ஊரில் இருப்பவர்கள் பேரப்பிள்ளைகள் போனில் சொல்வது என்னவென்று புரிந்துகொள்ளலாம்.

ஹாலோவீன் வருவது அக்டோபர் 31-ம் தேதி. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தின இரவு இது. அயர்லாந்து பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சமயத்தில் மிகப் பழைய காலத்திலிருந்தே ஒரு விழா உண்டு. அன்றைக்கு ஆவிகள் உலவும் என்று நம்பினார்களாம். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்பார்கள். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்ததும் லட்சக்கணக்கான பேர் கப்பலேறி அமெரிக்கா வந்தார்கள். இங்கே பூசணி மலிவு, குடைவதும் சுலபம். அதனால் கிழங்குக்குப் பதில் பூசணி வந்துவிட்டது.

விளையாட்டும் அப்போதிலிருந்தே உண்டு. கயிற்றில் ஆப்பிளைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கடிக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஆப்பிளை மிதக்கவிட்டு, தலையைக் கவிழ்த்துப் பல்லால் எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து 1833-லேயே டேனியல் மெக்லைஸ் என்கிற அயர்லாந்து ஓவியர் ஒரு படமாகத் தீட்டியிருக்கிறார். பேய் பிசாசு என்று பேர்தானே தவிர, பனிக்காலத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் கூடிச் சிரித்த ராத்திரிதான் அது.

ஆனால் எல்லா வீட்டிலும் சிரிப்பாக முடிவதில்லை. 2023-ல் தெரிந்தவர்கள் வீட்டுப் பார்ட்டிக்குப் போயிருந்தோம். அப்போது என் மகளுக்கு நாலு வயது. கதவுக்குப் பின்னாலிருந்து பெரிய பையன் ஒருவன் முகமூடியோடு 'ஆ' என்று பாய்ந்ததில் அவள் வெலவெலத்துப் போய்விட்டாள். ஒரு மாதம் வரை பாத்ரூமுக்குக் கூடத் தனியாகப் போகவில்லை. அதே பார்ட்டியில் எங்கள் எதிர் வீட்டுக் குஜராத்திப் பையன் சோபா ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. தெரியாமல் தின்றால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அங்கே எல்லா விளையாட்டுக்கும் பரிசு சாக்லேட்! பாவம், ஜெயித்தாலும் என்ன, தோற்றாலும் என்ன?

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை வந்தது. அதனால் முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டில் பார்ட்டி வைத்தேன். நாலு வயதிலிருந்து பத்து வயது வரை ஒன்பது பிள்ளைகள். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்துவிட வேண்டும் என்று திட்டம். மூன்றே மூன்று சட்டம் போட்டேன். ஒன்று, யாரும் யாரையும் சொல்லாமல் பயமுறுத்தக்கூடாது. இரண்டு, எந்த விளையாட்டிலும் 'அவுட்' கிடையாது. மூன்று, பரிசு தின்கிற பொருளாக இருக்கக்கூடாது.

இனி விளையாட்டுகள்:

பேய்க் கடை: காலி செருப்புப் பெட்டிகளில் கை நுழையும் அளவு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் வேகவைத்து ஆறிய நூடுல்ஸில் கொஞ்சம் எண்ணெய் பிசறி வையுங்கள், அதுதான் 'பேயின் குடல்'. தோல் உரித்த திராட்சை 'கண்முழி'. ஈரமான ஸ்பாஞ்சு 'மூளை'. நான் வேகவைத்த ஜவ்வரிசியைத் 'தவளை முட்டை' என்று வைத்தேன், அதற்குத்தான் அதிகக் கூச்சல்! இதில் முக்கியமான விஷயம், பயப்படும் குழந்தைக்கு முதலிலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிடுங்கள். பிறகு அந்தக் குழந்தையையே கடைக்காரர் ஆக்கிவிடுங்கள். என் மகள்தான் எங்கள் கடை முதலாளி. "வாங்க, கண்ணு வேணுமா, குடல் வேணுமா?" என்று அவள் கூவின கூவலில் பத்து வயதுப் பையனே கையை இழுத்துக்கொண்டான். ரகசியம் தெரிந்தவர்களுக்கு ஏது பயம்? சின்னக் குழந்தைகள் திராட்சையை முழுசாக வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மம்மி கட்டுதல்: எகிப்தில் பதப்படுத்தித் துணி சுற்றி வைத்த சடலத்தை மம்மி என்பார்கள் அல்லவா? மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவரை நிற்க வைத்து மற்ற இருவரும் டாய்லெட் பேப்பர் உருளையால் சுற்ற வேண்டும். மூன்று நிமிடம் டைம். மூக்கு, வாய், கண் மூடக்கூடாது, கழுத்திலும் சுற்றக்கூடாது. நேரம் முடிந்ததும் எல்லா மம்மியும் ஒரே சமயத்தில் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். "மம்மி, உன்னை மாதிரியே மம்மி!" என்று என் மகள் என்னையும் கிண்டல் பண்ணினாள்.

முறுக்குக் கடி: பழைய ஆப்பிள் விளையாட்டுதான். இங்கே இப்போது ஆப்பிளுக்குப் பதில் டோனட் தொங்கவிடுகிறார்கள். நான் எப்படியும் தீபாவளிப் பலகாரம் சுட வேண்டியிருந்ததால் கைமுறுக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். அவரவர் வாய் உயரத்துக்குக் கயிறு இருக்கட்டும். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஓடக்கூடாது. கீழே ஒரு விரிப்பு போட்டால் பெருக்குகிற வேலை மிச்சம். எதிர் வீட்டுப் பையனுக்காக, அவன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு, கடலை எண்ணெய் இல்லாமல் சூரியகாந்தி எண்ணெயில் சுட்டேன். எள்ளும் போடவில்லை. தண்ணீர்த் தொட்டி ஆப்பிளை நான் வைக்கவே இல்லை. ஒன்பது வாய் ஒரே தண்ணீரில் என்றால் சளி, இருமல் எல்லாருக்கும் பங்காகிவிடும்!

பூசணி வளையம்: காம்பு நீளமாக உள்ள பூசணியைத் தரையில் வைத்து, நடுவில் வெட்டி எடுத்த காகிதத் தட்டு வளையங்களைக் காம்பில் விழும்படி வீச வேண்டும். குட்டிகளுக்கு மூன்றடி தூரம், பெரியவர்களுக்கு ஆறடி. ஒரே கோட்டிலிருந்து எல்லாரையும் போடச் சொன்னால் சின்னதுகள் முகம் வாடிவிடும்.

சிலை ஆட்டம்: பாட்டு ஓடும்போது ஆட வேண்டும், நின்றதும் சிலையாக நிற்க வேண்டும். வழக்கமாக அசைந்தவர் அவுட். முதலில் அவுட்டாகும் குழந்தை கடைசி வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டில் அசைந்தவர் 'குட்டிப் பேய்' ஆகிவிடுவார். மற்ற சிலைகளைத் தொடாமல் சேஷ்டை செய்து சிரிக்க வைப்பது அவர் வேலை. கடைசியில் எட்டுப் பேய், ஒரு சிலை. சிலையாக நின்றவனை விடப் பேய்களுக்குத்தான் குஷி.

வௌவால் முந்திரிக்கா: நாம் சின்ன வயதில் ஆடின 'குலை குலையா முந்திரிக்கா'தான். வட்டமாக உட்கார வைத்து, துணிக்குப் பதில் கறுப்புத் துணியில் வெட்டின வௌவாலை ஒருவர் முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓட வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி 'டக் டக் கூஸ்' என்று ஒன்று தெரியும். அதனால் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

டார்ச் வேட்டை: இதைக் கடைசியில் வையுங்கள். ஆரஞ்சுத் தாளில் பூசணி வடிவம் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பேர் எழுதி, தலைக்கு ஐந்து என்று ஹாலில் ஒளித்து வையுங்கள். விளக்கைக் குறைத்துவிட்டு ஆளுக்கு ஒரு சின்ன டார்ச் கொடுங்கள். அவரவர் பேர் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். சுட்டியான பிள்ளை எல்லாவற்றையும் வாரிக்கொள்கிற தொல்லை இல்லை. என் மகள் முதலில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் அவள் கையில், பொத்தான் அவள் விரலில். மூன்றாவது பூசணியின்போது துப்பட்டாவை விட்டுவிட்டாள். ஐந்தும் கிடைத்த பிறகு எதிர் வீட்டுப் பையனுக்கு வெளிச்சம் காட்டப் போனாள்! அன்று ராத்திரியும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள். ஆனால் பாத்ரூமுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். அது போதும் எனக்கு.

இனி பரிசு விஷயம். பென்சில், ஸ்டிக்கர், சோப்புக் குமிழி ஊதும் புட்டி, இருட்டில் மின்னும் வளையல், இவை டாலர் கடைகளில் கிடைக்கின்றன. இங்கே சில வீட்டு வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசின பூசணி வைத்திருப்பார்கள். 'ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தின்பண்டம் அல்லாத பரிசு எங்கள் வீட்டில் உண்டு' என்பது அதற்கு அர்த்தம். உணவு ஒவ்வாமைக்கான ஒரு தொண்டு அமைப்பு 2014-ல் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. நானும் ஒன்று வாங்கி வண்ணம் பூசி வாசலில் வைத்தேன்.

சாக்லேட் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள் ஆகிய ஒன்பதில் எது சேர்ந்திருந்தாலும் போட வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். எள் 2023 ஜனவரியிலிருந்துதான் சேர்ந்தது. பெரிய பாக்கெட்டில் இல்லாத சரக்கு அதே பேருள்ள குட்டி சாக்லேட்டில் இருக்கக்கூடும், ஆகவே இரண்டையும் பாருங்கள். அந்தப் பையனின் அம்மா அவசர ஊசியை என் சமையல் மேடையில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, தொடையில் எப்படிக் குத்துவது, குத்தின கையோடு 911-க்குப் போன் பண்ண வேண்டும் என்றெல்லாம் காட்டிவிட்டுத்தான் போனார். அது தேவைப்படவில்லை. இருந்தாலும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் சில: பூசணி விளக்கில் மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். வேஷத் துணி லேசில் தீப்பிடித்துக்கொள்ளும். முகமூடியை விட முகத்தில் வண்ணம் பூசுவது மேல், கண் மறைக்காது. நீள அங்கி தரையில் இழுபட்டால் மடித்துத் தைத்துவிடுங்கள். அக்டோபர் கடைசியில் இங்கே ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வீடு வீடாகப் போகும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் டார்ச்சோடு போக வேண்டும்.

ஊரில் என் அத்தைக்கு (மாமியார்தான்) முதலில் இது பிடிக்கவில்லை. "தீபாவளி நேரத்துல பேய் வேசமா, நல்லாவா இருக்கு?" என்றார். வீடியோ காலில் பிள்ளைகள் ஆடுவதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன், நம்ம குலசை தசராவுக்கு வேசங்கட்டி வீடு வீடா காணிக்கை வாங்க வரதில்லையா?" என்று அவரே சொன்னார். குலசேகரப்பட்டினத்தில் அது நேர்த்திக்கடன், இங்கே இது வேடிக்கை, இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் வேஷம் கட்டி வாசலில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொதுதானே!

தோழிகளே, பார்ட்டி என்றால் அலங்காரத்துக்கும் கேக்குக்கும்தான் நாம் அலைகிறோம். கூப்பிடும்போதே ஒவ்வொரு அம்மாவிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "உங்க பிள்ளைக்கு எது ஒத்துக்காது? எதுக்குப் பயப்படும்?" பதிலைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். பயப்படும் பிள்ளை, தின்ன முடியாத பிள்ளை, ஓட முடியாத பிள்ளை மூவரும் சேர்ந்து ஆடக்கூடியதுதான் நல்ல விளையாட்டு. 'அவுட்' இல்லாத ஆட்டம் உங்களுக்கும் ஏதாவது தெரிந்திருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த அக்டோபருக்கு எனக்கு உதவும்.

- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி.