சாம்பலான நூல் நிலையம். நெருப்பு தொடாத நூலகம்!

1981-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி. இரவு நேரம்.

இலங்கையில் யாழ்ப்பாணம் நகரில் ஒரு பெரிய கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. அது அரண்மனை அல்ல. ஆயுதக் கிடங்கும் அல்ல. பொது நூல் நிலையம்!

சுமார் 97 ஆயிரம் புத்தகங்கள் சாம்பல் ஆயின. பழைய ஏட்டுச் சுவடிகளும் கருகின. போலீஸ்காரர்களும் ஒரு கும்பலும் சேர்ந்து தீ வைத்ததாக, நேரில் பார்த்தவர்கள் கூறினார்கள்.

பல மொழிகள் கற்ற டேவிட் பாதிரியார் தூரத்தில் இருந்து இந்தத் தீயைக் கண்டார். அதிர்ச்சி தாங்காமல் உயிர் இழந்தார்.

844 புத்தகங்கள்

அந்த நூல் நிலையத்தின் தொடக்கம் மிகச் சிறியது. 1933-ம் ஆண்டில் செல்லப்பா என்பவர் தம் வீட்டில் இருந்தே புத்தகங்களை இரவல் கொடுத்து வந்தார். மறு ஆண்டு ஒரு வாடகை அறை கிடைத்தது. அப்போது இருந்தவை 844 புத்தகங்கள்தான்.

அதை 97 ஆயிரமாக வளர்க்க ஏறக்குறைய 50 ஆண்டுகள். அழிக்க ஒரே இரவு!

கம்ப்யூட்டரில் நூலகம்

24 ஆண்டுகள் கழித்து, 2005-ல், ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் சிலர் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, இண்டர்நெட்டில் வைத்தார்கள். யாரும் காசு இல்லாமல் படிக்கலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "நூலகம்".

படம் எடுத்து விட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அங்கேதான் தொடங்குகிறது!

கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். உள்ளே இருப்பது பாட்டா, கணக்கா என்று அதற்குத் தெரியாது. யார் எழுதியது, எந்த ஆண்டு, யார் வெளியிட்டது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து எழுத வேண்டும். "ஆறுமுக நாவலர்" என்று ஒருவர் எழுதுவார். "நாவலர்" என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் ஒருவரே என்று சொல்லி வைக்காவிட்டால், தேடுகிறவருக்குப் பாதிப் புத்தகம் கிடைக்காது.

அடுத்தது, சம்மதம். இலங்கைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. கேட்காமல் வெளியிட முடியாது.

கம்ப்யூட்டரில் உள்ளதும் கெட்டுப் போகும். ஆகவே ஒரே பிரதியை நம்பக் கூடாது. ஒன்றை ஓர் ஊரிலும், மற்றொன்றை வேறு ஊரிலும் வைக்க வேண்டும். அவ்வப்போது திறந்து சரிபார்க்கவும் வேண்டும். 1981-ல் இல்லாமல் போனது இந்த இரண்டாவது பிரதிதான்.

நினைவு மலர்

இங்கே பெரிய புலவர்களின் நூல்கள் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், 31-ம் நாளில் உறவினர்கள் ஒரு சிறு மலர் அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். இறந்தவரின் வரலாறு, தேவாரம், குடும்பத்தின் வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். கடையில் விற்காது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும். போரில் ஊரை விட்டு ஓடியவர்கள் பெட்டியையும் விட்டுப் போனார்கள்.

தப்பிய மலர்கள் இப்போது நூலகத்தில் இருக்கின்றன. பெரிய நூல்களைப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் பேரனும் தன் பாட்டியின் மலரைத் தேடிப் பார்க்கலாம்.