ஒரகடம் பஸ்ஸில் ஜப்பான் பாட்டு!

ஒரகடம் ஜங்ஷனில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வண்டலூர்-வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடம். ஷிஃப்ட் மாறுகிற நேரமென்றால் கம்பெனி பஸ்கள் தேர்த் திருவிழா மாதிரி வரிசை கட்டும். கொமாட்ஸுவின் மண் அள்ளும் ராட்சச வண்டிகள் இங்கேதான் தயாராகின்றன. பக்கத்தில் வல்லம் வடகாலில் யமஹா பைக். ரெனோவும் நிஸானும் கைகோத்து இங்கே கார் ஆலை திறந்தது 2010-ல்.

இந்த வட்டாரத்துப் பையன்கள் பேசுகிற தமிழைக் கேட்டால் தொல்காப்பியர் மயங்கி விழுவார். 'கைஸன்' போட்டாச்சா? 'போகா-யோகே' இருக்கா? 'கெம்பா'வுக்குப் போய் நேரா பாத்தியா? ஔவையாரின் ஆத்திசூடியை மறந்தவன்கூட 'ஸெய்ரி, ஸெய்டோன், ஸெய்ஸோ' என்று 5எஸ் மந்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பான்.

ஆக, ஜப்பான்காரன் வேலை நேரத்தில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டோம். வேலை முடிந்ததும் அவன் கேட்கிற பாட்டை மட்டும் கேட்டு வாங்கவில்லை. கொரியாக்காரன் பாட்டு நம் வீட்டுத் தங்கச்சிகள் ரூமில் போஸ்டராகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜப்பான் பாட்டு? எம்.ஜி.ஆர். 'உலகம் சுற்றும் வாலிப'னுக்காக ஒஸாகா எக்ஸ்போ 70 வரை போனார். கமல் 1985-ல் 'ஜப்பானில் கல்யாணராமன்' ஆனார். போனவர்கள் எல்லாம் ஜப்பானைப் பின்னால் நிறுத்திவிட்டு நம் பாட்டைப் பாடினார்களே தவிர, அங்கிருந்து ஒரு பாட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரவில்லை.

'மொழி புரியாதே ஸார்' என்பீர்கள். 1998-ல் டோக்கியோவில் 'முத்து' ஓடு ஓடு என்று ஓடியதே, ஜப்பான்காரர்கள் தமிழ் டியூஷன் முடித்துவிட்டா ரஹ்மான் பாட்டுக்குத் தலையாட்டினார்கள்?

நான் பி.காம். சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரூமில் இரண்டு பேராகக் குடியிருந்தபோது, ரூம்மேட் ஜப்பான் மொழிப் பரீட்சைக்குப் படித்தார். காது பழகட்டும் என்று எந்நேரமும் பாட்டு. அவருக்கு மொழி வந்தது, எனக்குப் பாட்டு ஒட்டிக்கொண்டது.

அங்கே இந்தக் குழுக்களுக்கு 'ஐடல்' என்று பெயர். ஜப்பான்காரர் வாயில் 'ஐடோரு'. நம்மூரில் பாட வேண்டுமென்றால் பத்து வருஷம் சாதகம் செய்து, குரல் பழுத்து, அப்புறம்தான் மேடை. ஐடல் சமாசாரம் நேர் தலைகீழ். பதினாலு, பதினைந்து வயசில், பாட்டும் ஆட்டமும் பாதி வெந்த நிலையில் மேடை ஏற்றிவிடுவார்கள். அது எப்படி வேகிறது என்று பார்ப்பதற்குத்தான் ரசிகன் காசு கொடுக்கிறான். நம்ம பாஷையில் சொன்னால், அப்ரண்டிஸை லைனில் நிறுத்தி, அதற்கு டிக்கெட் போடுவது! டோக்கியோ அகிஹாபாராவில் 2005 டிசம்பரில் 'ஏ.கே.பி. 48' குழு ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் 250 சீட் தியேட்டரில் ஆரம்பித்தபோது, முதல் நாள் வந்த பொதுஜனம் ஏழே பேர். அதிலிருந்து கோடிக்கணக்கில் சி.டி. விற்றார்கள்.

முதல் சிபாரிசும் அவர்களுடையதுதான். 'கோய் ஸுரு ஃபார்ச்சூன் குக்கி', 2013. பழைய டிஸ்கோ தாளம். கேட்ட இரண்டாவது நிமிஷம் கால் தானாகத் தரையைத் தட்டும். சுமார் மூஞ்சி என்று தன்னைத்தானே நினைத்துக்கொள்ளும் ஒரு பெண், அதிர்ஷ்டச் சீட்டு வைத்த பிஸ்கட்டை நம்பிக் காதலிக்கும் பாட்டு. நடுவில் நின்று பாடிய ஸஷிஹாரா ரினோவின் கதை அதைவிட ருசி. பழைய காதல் விவகாரம் ஒன்று பத்திரிகையில் வந்ததும், 2012-ல் அவரைத் தலைநகரிலிருந்து ஃபுகுவோகா குழுவுக்குத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றல் செய்தார்கள். அடுத்த வருஷமே ரசிகர் ஓட்டில் முதலிடம் பிடித்துத் திரும்பி வந்து நடுவில் நின்றார். நம் ஆபீஸ்களில் டிரான்ஸ்ஃபர் ஆனவர்கள் கவனிக்க.

இந்தப் பாட்டின் ஆட்டம் ரொம்ப சுலபம். குழம்பைக் கலக்குகிற மாதிரி இரண்டு கையையும் சுற்றினால் பாதி வந்துவிடும். அதனால் ஜப்பான் முழுக்க கம்பெனி கம்பெனியாக ஊழியர்கள் ஆடி வீடியோ போட்டார்கள். கனகாவா மாகாணத்தில் அரசு ஊழியர்களோடு கவர்னரே ஆடினார்! நம் தாலுகா ஆபீஸில் தாசில்தார் தலைமையில் இதைக் கற்பனை செய்து பார்த்தேன்... வேண்டாம், விடுங்கள். ஜகார்த்தாவிலும் பாங்காக்கிலும் ஏ.கே.பி.யின் தங்கைக் குழுக்கள் அந்தந்த மொழியில் இதையே பாடின. தாய்லாந்தில் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. மும்பைக்கும் ஒரு குழு என்று 2017-ல் அறிவித்தார்கள். அது அந்த இரண்டு ஊர் மாதிரி காலூன்றவில்லை.

இதில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் கணக்கு. 2009 முதல் 2018 வரை ஏ.கே.பி.யில் தேர்தல். அடுத்த பாட்டில் யார் முன்னால் நிற்பது என்று ரசிகர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுச்சீட்டு சி.டி.க்குள் இருக்கும். நூறு ஓட்டுப் போட வேண்டுமா? ஒரே சி.டி.யை நூறு வாங்கு! நம்மூரில் ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள். அங்கே ஓட்டுப் போடுகிறவனே காசு கொடுத்தான். சீட்டை உருவிக்கொண்டு நூற்றுக்கணக்கான சி.டி.யை மலைப் பக்கம் கொட்டி போலீஸில் மாட்டிய கதையும் 2017-ல் உண்டு. வருமானக் கணக்கில் இது விற்பனையா, நன்கொடையா? என் காலேஜ் புரொபசர் இருந்தால் கேட்கலாம்.

அடுத்தது 'லவ் மெஷின்', 1999. பாடியது 'மார்னிங் முஸுமே'. ஒரு டி.வி. போட்டியில் தோற்றுப்போன ஐந்து பெண்களைக் கூப்பிட்டு, 'ஐந்து நாளில் ஐம்பதாயிரம் சி.டி. கையால் விற்றுக் காட்டுங்கள், சான்ஸ் தருகிறோம்' என்றார்கள். 1997-ல் ஊர் ஊராகப் போய் நாலே நாளில் விற்றுத் தீர்த்தார்கள். டார்கெட் என்றால் என்னவென்று தெரிந்த நம் சேல்ஸ்மேன்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 'லவ் மெஷின்' வந்தபோது ஜப்பானில் வேலையில்லாத் திண்டாட்டம், கம்பெனிகள் திவால், ஊரே உம்மென்று இருந்தது. அந்த நேரத்தில் 'நம் நாட்டின் வருங்காலத்தைப் பார்த்து உலகமே பொறாமைப்படும்' என்கிற அர்த்தத்தில் கல்யாண வீட்டு பேண்டு மாதிரி ஒரு கும்மாளம் போட்டார்கள். பதினாறு லட்சத்துக்கு மேல் விற்றது. எழுதி இசையமைத்த ட்ஸுன்கு பின்னால் தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையையே இழந்தார். 2015-ல் ஒரு பல்கலைக்கழக விழா மேடையில், பேச முடியாமல், எழுத்தைத் திரையில் காட்டி அதைச் சொன்னார். பாட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. சி ஷிஃப்டில் விடிகாலை மூன்று மணி பிரேக்குக்கு டீயைவிட இந்தப் பாட்டு நல்ல மருந்து.

'பர்ஃப்யூம்' என்ற ஹிரோஷிமா மூவரின் 'பாலிரிதம்', 2007: மெஷின் ஓடுகிற சத்தத்தையே சங்கீதமாகப் பண்ணினால் எப்படி இருக்கும்? அப்படி. பழைய பொருளை மறுசுழற்சி செய்யச் சொல்லும் பொதுநல விளம்பரத்துக்குப் பயன்பட்ட பாட்டு. நடுவில் தாளம் ஒன்றோடொன்று பின்னிச் சிக்குகிற இடத்தில் கன்வேயர் கோளாறு என்று நினைத்து எமர்ஜென்ஸி பட்டனை அமுக்கிவிடாதீர்கள்.

ஆண்கள் குழுவில் ஒன்றே ஒன்று. 'ஸ்மாப்' பாடிய 'ஸெகாய் நி ஹிடொட்ஸு டகே நோ ஹானா', 2003. 'உலகில் ஒரே ஒரு பூ' என்று அர்த்தம். பூக்கடையில் பூக்கள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதில்லையே, மனுஷன் மட்டும் ஏன் என்று கேட்கிற பாட்டு. அப்ரைசல் மாதத்தில் தினம் ஒரு வேளை கேட்கலாம். குழு 2016 கடைசி நாளில் கலைந்தது. கலையவிடாமல் தடுக்க முடியாத ரசிகர்கள், ஏற்கெனவே வீட்டில் இருக்கிற அதே சி.டி.யை மறுபடி வாங்கி வாங்கி விற்பனையை முப்பது லட்சத்துக்குத் தள்ளினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் பாவம். அந்த ஸ்மாப்பை வளர்த்த கம்பெனியின் நிறுவனர் ஜானி கிடகாவா, பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களிடம் பாலியல் கொடுமை செய்தவர் என்பதை, அவர் இறந்து நாலு வருஷம் கழித்து 2023-ல்தான் கம்பெனி ஒப்புக்கொண்டது. பெண்கள் குழுவில் 'காதலிக்கக் கூடாது' என்று எழுதாத சட்டம். 2013-ல் ஏ.கே.பி. பெண் ஒருவர், காதலன் வீட்டில் தங்கியது பத்திரிகையில் வந்ததற்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு, அழுதபடி வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். இருபது வயசுப் பெண் காதலித்தால் என்ன குடி முழுகிவிடும்? சி.டி. விற்பனை குறையும், அவ்வளவுதான். ரசிகனுக்குத் தன் பிடித்தமான பெண் யாருக்கும் சொந்தமில்லை என்ற கனவை விற்கிறார்கள். அந்தக் கனவுக்கு உற்பத்திச் செலவு அந்தப் பெண்ணின் தலையில். பாட்டு பிடிக்கும் என்பதற்காக இந்த பாலன்ஸ் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதனால்தான் 'கெயாகிஸாகா 46' குழுவின் 'சைலண்ட் மெஜாரிட்டி'யைக் கேட்கும்போது எனக்கு ஒரு கோணல் சிரிப்பு வரும். 2016-ல் வந்தது. சீருடை போட்டு, வரிசையில் நின்று, 'வாயை மூடிக்கொண்டு தலையாட்டாதே, மறுத்துப் பேசு' என்று முறைக்கிற பாட்டு. நடுவில் நின்ற ஹிராடே யூரினாவுக்கு அப்போது வயசு பதினாலு. அந்தப் பார்வையில் ஒரு ஃபோர்மேனே பின்வாங்குவார். பாட்டை எழுதியவர்? ஏ.கே.பி.யை நடத்தும் அதே அகிமோட்டோ யஸுஷி, ஐம்பதைத் தாண்டிய முதலாளி! இருந்தாலும் ரத்தம் சூடாகிறது. என்ன செய்ய?

என் பட்டியலில் தலையானது எல்லாவற்றுக்கும் மூத்தது. 'கேண்டீஸ்' என்ற மூன்று பெண்கள். ரான், ஸூ, மிகி. 1976-ல் வந்த 'ஹாரு இச்சிபான்' வசந்தத்தின் முதல் காற்றைப் பற்றிய பாட்டு. குளிர் முடிந்தது, கோட்டைக் கழற்று, வெளியே வா என்கிற ரகம். நமக்கு வசந்தமும் கிடையாது, கோட்டும் கிடையாது. ஆனால் சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த பிறகு சாயங்காலம் திடீரென்று ஒரு கோடை மழைக் காற்று வருமே, அதற்கு இது கச்சிதம்.

1977 ஜூலை. புகழின் உச்சி. டோக்கியோ ஹிபியா திறந்தவெளி மேடையில், யாரும் எதிர்பாராத நேரத்தில், நிறுத்திக்கொள்கிறோம் என்று மூவரும் அழுதபடி அறிவித்தார்கள். மறுபடி சாதாரணப் பெண்களாக வாழ வேண்டுமாம். முதலாளி சொல்லி அல்ல, தாங்களே. ரசிகர்கள், பெரும்பாலும் காலேஜ் பையன்கள், தடுக்கவில்லை. 'முதலிடம் வாங்கிக் கொடுத்து அனுப்புவோம்' என்று கிளம்பினார்கள். அதுவரை ஒருமுறைகூட விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடிக்காத கேண்டீஸ், 1978-ல் 'ஹொஹோஎமி கஎஷி' என்ற விடைபெறும் பாட்டில் பிடித்தார்கள். ஏப்ரல் 4, கொராகுவென் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். பாடினார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். ஸூ 2011 ஏப்ரலில் புற்றுநோயில் இறந்தார். தன் இறுதிச் சடங்குக்கென்று முன்பே ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த பேச்சில்கூட, முந்தைய மாதத்துப் பூகம்பத்தில் இறந்தவர்களை நினைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் ஐடல் குழுவை விட்டு ஒரு பெண் விலகினால் அதற்கு 'ஸொட்ஸுக்யோ' என்று பெயர். பட்டமளிப்பு. ராஜினாமா என்று சொல்ல மாட்டார்கள். அவருக்கென்று ஒரு பாட்டு, ஒரு கச்சேரி, அவருக்குப் பிடித்த கலரில் அரங்கம் முழுக்க விளக்கு.

என் ரூம்மேட் மூன்று வருஷம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னீயாக இருந்தார். காலம் முடிந்தது. செக்யூரிட்டி ரூமில் ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு, பாதுகாப்பு ஷூ திருப்பித் தந்ததற்கு ஒரு கையெழுத்து. லைனில் பக்கத்தில் நின்றவனுக்கே மறுநாள்தான் தெரியும். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது இந்த ரோடு முழுக்க இதுதான் பேச்சு. ஆயிரக்கணக்கான பேர், பாதிக்கு மேல் இளசுகள். எந்த அரங்கத்தில் யார் விளக்குப் பிடித்தார்கள்?

அன்று ராத்திரி ரூமில் 'ஹொஹோஎமி கஎஷி' ஓடியது. அதில் கேண்டீஸின் பழைய பாட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும், பெட்டி கட்டும்போது அலமாரியிலிருந்து பழைய பொருள் கிடைக்கிற மாதிரி. ரூம்மேட் பெட்டிதான் கட்டிக்கொண்டிருந்தார். 'புன்னகைக்குப் பதில் புன்னகை'ன்னு அர்த்தம் என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, பக்கெட்டையும் மக்கையும் எனக்கே விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார். பரீட்சை பாஸ். இப்போது வேறொரு கம்பெனியில் ஜப்பான் எஞ்சினியர்களுக்குத் துபாஷி. போன மாதம் போன் பண்ணினார்: 'உங்க கேண்டீஸ் பாட்டை எங்க பெரியவர்கிட்ட பாடிக் காட்டினேன் ஸார். அவர் மெஷினை நிறுத்தச் சொல்லிட்டு மிச்சத்தைப் பாடினாரு!'