சம்பளச் சீட்டு இல்லாதவர்க்கு விசா உண்டா?

வெளிநாடு போவது என்றால் நம்மவர் இரண்டு வழிகளையே அறிவர். அங்குள்ள கம்பெனி ஒன்று வேலை தந்து அழைக்க வேண்டும். அல்லது பிள்ளைகள் படிக்கப் போக வேண்டும். எவரிடமும் சம்பளத்துக்கு அமராமல், தன் கைத்தொழிலைத் தானே விற்று வாழும் ஒருவர் இன்னொரு தேசத்தில் ஓராண்டோ ஈராண்டோ தங்கி அதே தொழிலைச் செய்யலாமா என்று கேட்டால், 'அதெப்படி விடுவார்கள்?' என்றுதான் நாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை சொல்லியிருப்போம். சித்தூரில் நம் வீட்டிற்கு மூன்றாம் வீட்டுப் பெண் அந்த அறியாமையைப் போக்கினாள்.

அவள் குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். தகப்பனார் இல்லை. தாயார் தையல் தைத்து மகனையும் மகளையும் ஆளாக்கியவர். மகன் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறான். மகளோ மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் வரைந்து அனுப்பியவள், பிறகு ஜெர்மனிக்கும் அனுப்பத் தொடங்கினாள். 2023-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துப் பதிப்பாளர் ஒருவர், 'இங்கு வந்து இரண்டாண்டு தங்குங்கள், வேலை தருகிறோம்; ஆனால் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள எங்களால் இயலாது' என்று அவளுக்கு எழுதினார். தாயார் அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள் ரயில்வேயில் இருப்பவர். சர்க்கார் காகிதம் பார்த்துப் பழகியவர். இது நடக்கிற காரியமா, சொல்லுங்கள்" என்றார்.

நமக்கும் தெரியாது. விசாரித்து அறிந்ததைத்தான் இங்கு எழுதுகிறோம்.

ஜெர்மனி முதலிய ஷெங்கன் நாடுகள் சுற்றிப் பார்க்க வருவோர்க்குத் தரும் விசா, 180 நாள்களுக்குள் 90 நாள்களே தங்க இடம் தருவது. அதற்கு மேல் தங்கித் தொழில் செய்ய விரும்புவோர் 'டி' வகைத் தேசிய விசா பெறவேண்டும். ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு சொந்தத் தொழில் செய்வோரைப் பற்றியது. அதில் 5-ஆம் உட்பிரிவு, ஆங்கிலத்தில் ஃப்ரீலான்சர் என்று நாம் சொல்லுவோர்க்கு உரியது. கலைஞர், எழுத்தாளர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் இவ்வகையில் அடங்குவர். கடை வைப்போரும் சரக்கு வாங்கி விற்போரும் இதில் சேரார். அவர்க்குத் தனி விதிகள் உண்டு. கம்ப்யூட்டர் தொழில் செய்வோர் எந்தப் பக்கம் என்பதில் வழக்கு வருவதுண்டு. பொறியாளர் செய்யும் வேலையை ஒத்ததாயின் இப்பக்கம், இல்லையேல் வணிகம். படம் வரைகிறவளுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகளாகப் பல நாடுகள், கம்ப்யூட்டர் வழியே தொழில் செய்வோரை அழைத்துத் தங்கவைக்கப் புதுப்புது விசாக்களைத் தந்து வருகின்றன. எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. போர்ச்சுகல், மலேசியா ஆகியவை 2022-இல் தொடங்கின. ஸ்பெயின் அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் செய்தது. இவை யாவும் பெரும்பாலும் ஒரே விதமாகப் பேசுகின்றன: 'உன் வருமானம் வெளியிலிருந்து வரட்டும், எங்கள் ஊரில் செலவழி.' ஸ்பெயின் தன் நாட்டுக் கம்பெனிகளிடமிருந்து ஐந்தில் ஒரு பங்கு வேலைவரை ஏற்க இடம் தருகிறது. ஜெர்மனியின் விசா இதற்கு நேர்மாறானது. 'எங்கள் ஊரில் உனக்கு வேலை தருவோர் யார்? அவர்களுடைய கடிதத்தைக் காட்டு' என்று அது கேட்கிறது. இதை அறியாமல் ஒரு நாட்டுக்குத் தயாரித்த காகிதக் கட்டை இன்னொரு நாட்டுக்கு நீட்டுவோர் ஏமாறுகின்றனர்.

ஆகவே அப்பெண்ணிடம் கேட்கப்பட்டவை இவை: வேலை தருவதாக ஜெர்மானியர் எழுதிய கடிதங்கள், செய்த வேலைகளின் மாதிரிகள், மாதந்தோறும் எவ்வளவு வரும், வாடகைக்கும் உணவுக்கும் எவ்வளவு போகும் என்ற திட்டம், நோய்க் காப்பீடு, இதுவரை ஈட்டியதற்கு அத்தாட்சி. வயது 45-ஐத் தாண்டியவராயின் முதுமைக்கால ஜீவனத்துக்கு ஏற்பாடு உண்டா என்றும் கேட்பார்கள். கட்டணம் 75 யூரோ. இவற்றுள் அவளிடம் இல்லாதது எதுவுமில்லை என்றே முதலில் எண்ணினோம். நம் சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதங்களைப் புரட்டினார். புரட்டிவிட்டு, "இது எத்தனை பெண்களுடைய கட்டு?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தது. நம்மவர் வழக்கப்படி அவளுக்கு ஒரு பெயரும் தகப்பனாரின் பெயரெழுத்து ஒன்றுமே உண்டு. சித்தூர்ப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர், தெலுங்கர் வழக்கப்படி 'இண்டிபேரு என்ன?' என்று கேட்டிருக்கிறார். வீட்டுப் பெயர் என்ற வழக்கமே இல்லாத தாயார், ஊர்ப் பெயரைக் கேட்கிறார் போலும் என்று எண்ணிக் கிராமத்தின் பெயரைச் சொல்ல, அதுவே குடும்பப் பெயராகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டது. கல்லூரிச் சான்றிதழில் அந்தக் கிராமம் ஓர் எழுத்தாகச் சுருங்கியது. ஆதாரில் பெயர் மட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தகப்பனார் பெயர். ஆக நான்கு காகிதங்களில் நான்கு பேர்.

இந்தச் சங்கடம் சித்தூர், திருப்பதித் தமிழர் வீடுகளில் பாதிக்கு உண்டு என்பது நம் எண்ணம். சித்தூர் ஜில்லா 1911-இல் வட ஆற்காட்டுத் தாலுகாக்களையும் கடப்பைத் தாலுகாக்களையும் சேர்த்து உண்டாக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி அப்பால் சென்றது. எல்லைக்கோடு நகர்ந்தபோது பெயர் வைக்கும் வழக்கம் நகரவில்லை. பயணச்சீட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயருமாகக் கலங்கி நிற்போரை நாம் உத்தியோகத்தில் அடிக்கடி காண்கிறோம். ரயிலில் அது ஒரு வாக்குவாதத்தோடு தீரும். விசாவில் தீராது. வெறும் ஒற்றைப் பெயரோடு போவதும் எளிதன்று. ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பர் 21 முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததையும், தகப்பனார் பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பின்னர்த் தளர்த்தியதையும் சிலர் நினைவுகூரலாம். திருப்பதியில் வசிப்போர்க்கு மற்றொரு தொல்லை: 2022 ஏப்ரல் 4 முதல் அது தனி மாவட்டம். பழைய முகவரிச் சான்றுகளிலோ சித்தூர் மாவட்டம் என்றே இருக்கும்.

பெயரைவிடப் பெரிய கோளாறு பணத்தில் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த கூலி முழுவதும் அண்ணனுடைய வங்கிக் கணக்கில் வந்திருந்தது! அவளுடைய கணக்கில் பெயர் ஒத்துவராமல் ஒருமுறை பணம் திரும்பிவிட்டதாம். அன்றிலிருந்து, 'அண்ணன் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று எழுதிவிட்டாள். வீட்டில் எவரும் அதைத் தவறாக எண்ணவில்லை. பணம் வந்தது, அரிசி வாங்கினார்கள், மாடிக்கு ஓடு போட்டார்கள். ஆனால் காகிதத்தின்படி உழைத்தவன் அண்ணன், தங்கை வருமானமற்றவள். வருமானவரிக் கணக்கும் அவள் தாக்கல் செய்திருக்கவில்லை. ஐந்தாண்டு உழைப்புக்கு அவள் பெயரில் ஒரு வரி சாட்சியம் இல்லை.

நம்மைப் போல் மாதச் சம்பளம் வாங்குவோர் இதன் கடுமையை உணர்வது அரிது. நமக்குச் சம்பளச் சீட்டை ஆபீஸ் தருகிறது. வரியை ஆபீஸ் பிடிக்கிறது. பாஸ்போர்ட் வேண்டுமென்றால்கூட மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். முதலாளி இல்லாதவருக்கு அந்த ஆபீஸ் முழுவதும் தாமே. படம் வரைந்து முடித்த கையோடு பில் எழுதவேண்டும். அதற்கு எண் இடவேண்டும். பணம் வந்த நாளைப் பக்கத்தில் குறிக்கவேண்டும். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று வங்கி தரும் சான்றைப் பத்திரப்படுத்தவேண்டும். அவள் வரைவதில் கெட்டிக்காரி. இந்த வேலையை அவளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இந்நிலையில் திருப்பதியில் ஓர் ஏஜண்டு முன்வந்தார். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் பில்களையும் கடிதங்களையும் பழைய தேதியிட்டுத் தயாரித்துத் தருவதாகச் சொன்னார். தாயார் நகையை எடுத்துவைத்துவிட்டார். கணக்கர்தாம் தடுத்தார். "பொய்க் காகிதம் ஒன்று வெளிப்பட்டால் இந்த விண்ணப்பம் மட்டுமா போகும்? இனிமேல் போடுகிற ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதானே பார்ப்பான்?" என்றார். பின் அப்பெண்ணைப் பார்த்து, "இரண்டு வருஷம் பொறுக்க முடியுமா அம்மா?" என்று கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. பெர்லின்காரர் இரண்டு வருஷம் பொறுப்பாரா என்பதல்லவா அங்கே கேள்வி?

அன்றிரவே அவருக்கு உண்மையை எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. காத்திருப்பதாக வாக்களிக்க இயலாது, ஆனால் வேலையை அனுப்பிக்கொண்டிருப்போம் என்று இருந்தது. அதையே கைப்பிடியாகக் கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து, நான்கு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் செய்து, ஆதாரைத் திருத்தி, திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். 36 பக்கம், கட்டணம் 1,500 ரூபாய். வரிசையில் காத்திருந்தபோது நமக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 1954-இல் தேசம் முழுவதற்கும் பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை, நாகபுரி என ஐந்து நகரங்களிலேயே பிராந்திய பாஸ்போர்ட் ஆபீஸ்கள் அமைந்தன. கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் விருப்பம் என்ற நிலை 1967 ஏப்ரல் 10 அன்று சத்வந்த் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்கும் வரை இருந்தது. அதன் பிறகே அவ்வாண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. விசாவோ பிறர் வீட்டுக் கதவு. வருந்தி நிற்கலாம், வழக்காட அதிக இடமில்லை.

பிறகு புதுப் பெயரில் வங்கிக் கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் பில். இரண்டு ஆண்டுகள் வருமானவரிக் கணக்கு அவள் பெயரில் தாக்கலாயிற்று. அண்ணனும் தன் கணக்கில் வந்த பழைய தொகைகளுக்கு விளக்கம் எழுதி வைத்துக்கொண்டான்; அவனுக்கும் அது தேவைப்படும் என்று கணக்கர் சொன்னார். இடையில் 2024-இல் பெர்லின் பதிப்பாளர் தம் பட்டியலைக் குறைத்துக்கொண்டார். அவ்வருஷம் மழைக்காலம் முழுவதும் அவ்வீட்டில் எவரும் ஜெர்மனி என்ற சொல்லையே எடுக்கவில்லை. அப்பெண் மட்டும் வேறு பதிப்பாளர்களுக்கு மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். லைப்சிக் நகரத்திலிருந்து ஒருவரும் பெர்லினிலிருந்தே இன்னொருவரும் எழுதினர். பழையவரும் ஒரு புத்தகத்துக்கு மட்டும் கடிதம் தந்தார். ஒன்றிருந்த இடத்தில் மூன்றாயிற்று. தாமதத்தால் கட்டு பலப்பட்டது என்று சொன்னால், காத்திருந்த தாயாரின் முகத்தைப் பார்த்தவர்கள் ஒப்பமாட்டார்கள்.

2025-இல் விண்ணப்பம் போயிற்று. நம் பகுதியார்க்குரிய ஜெர்மன் துணைத் தூதரகம் சென்னையில் உள்ளது. விரல் ரேகை பதிக்க நேரில் போகவேண்டும். காட்பாடி வழியே ரயிலேறித் தாயும் மகளும் போய் வந்தார்கள். இவ்வகை விண்ணப்பங்கள் போய்ச் சேரும் நகரத்து வெளிநாட்டார் அலுவலகத்தின் கருத்தையும் கேட்பதால், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். கடைகண்ணிக்குப் போகும்போதெல்லாம் தாயார் நம்மிடம், "இன்னும் வரவில்லையே தம்பி" என்பார். வந்தபோது முதலில் விசாவைப் பார்க்கவில்லை. பெயர் சரியாக இருக்கிறதா என்று மகனைப் படிக்கச் சொன்னார்.

அங்கு போன பிறகும் அலைச்சல் உண்டு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வரி ஆபீஸில் எண் பெறவேண்டும். குடியிருப்பு அனுமதியை வெளிநாட்டார் அலுவலகத்தில் வாங்கவேண்டும். அனுமதி மூன்றாண்டு வரை தரப்படலாம். ஒரு நல்ல ஏற்பாடும் அங்கு உண்டு. கலைஞர், எழுத்தாளர்க்கென 1983 முதல் ஒரு சமூகக் காப்பீட்டு நிதி நடந்து வருகிறது. அதில் சேர்ந்தவர் காப்பீட்டுத் தொகையில் பாதியைக் கட்டினால் போதும். முதலாளி கட்ட வேண்டிய மறுபாதியை அந்நிதி ஏற்கிறது. முதலாளி இல்லாதவனுக்கும் முதலாளி ஸ்தானத்தில் ஒருவர் வேண்டுமென்று நினைத்தவர்கள் புத்திசாலிகள்தாம்.

புறப்படுமுன் அப்பெண், வங்கி எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டுத் தன் காகிதக் கட்டின் நகல் ஒன்றைச் சங்க நூல்நிலையத்தில் வைத்துப் போயிருக்கிறாள். பில் எழுதும் மாதிரியும், பிரமாணப் பத்திரத்தின் வாசகமும் அதில் உள்ளன. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் கணக்கர் அங்கிருப்பார். வருவோர் தங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கையோடு கொண்டுவரும்படி சொல்லச் சொன்னார்.