பெயர்ப் பட்டியலும் ஜனத்தொகைக் கணக்கும்



இன்று மும்பை என்று வழங்கும் பம்பாய் நகரில் 1960-களின் நடுவில் ஒரு விநோதமான பட்டியல் அச்சாகி வந்தது. பால் தாக்கரே தம் சகோதரருடன் 1960-இல் தொடங்கிய ‘மார்மிக்’ என்னும் கேலிச்சித்திர வாரப் பத்திரிகையில், நகரத்துக் கம்பெனிகளிலும் காரியாலயங்களிலும் பதவி வகித்தவர்களின் பெயர்கள் வரிசையாக வெளியாயின. அவற்றுள் பெரும்பாலானவை தென்னிந்தியப் பெயர்கள். டெலிபோன் டைரக்டரி முதலியவற்றிலிருந்து திரட்டிய பெயர்கள் அவை. விளக்கவுரை எதுவும் அவசியமாக இருக்கவில்லை. படிப்பவரே முடிவுக்கு வந்துவிடுவார் என்பது பட்டியலிட்டவர்களின் எதிர்பார்ப்பு. அது பொய்க்கவில்லை. 1966 ஜூன் 19-ஆம் தேதி சிவசேனை என்னும் கட்சி தோன்றியபோது அதன் முதல் ஆயுதம் அந்தப் பட்டியல்தான் என்று சொல்வது மிகையாகாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களுள் பலருக்கு இந்தச் சரித்திரம் தந்தையரின் வாய்மொழியாகத் தெரிந்திருக்கும். அதை இங்கே எடுத்துக்கொள்வது பழைய மனத்தாங்கலைப் புதுப்பிப்பதற்காக அன்று. வெளியூரார், உத்தியோகம், சர்க்கார் கணக்கு என்ற மூன்றையும் பற்றி இன்றளவும் நடந்துவரும் வாதங்களுக்கு அந்தப் பட்டியல் ஒரு நல்ல மாதிரி என்பதற்காகவே.

அந்தப் பட்டியலில் இருந்த பெயர்கள் கற்பனையல்ல. அந்த மனிதர்கள் அந்தப் பதவிகளில் இருந்தார்கள். ஆனால் ஒரு காரியாலயத்தில் முப்பது தென்னிந்தியப் பெயர்கள் உள்ளன என்றால், அங்கே மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். நாற்பது பேரில் முப்பதா, நானூறு பேரில் முப்பதா என்பது தெரியாதவரையில் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. மேலும் டெலிபோன் டைரக்டரியில் இடம்பெறுகிறவர் யார்? அக்காலத்தில் டெலிபோன் வைத்திருந்தவர் மட்டுமே. தாராவியில் தோல் பதனிட்ட தமிழரும், ரயில்வேயில் கலாசியாக உழைத்தவரும் அதில் இல்லை. ஆலைத் தொழிலாளியான மராட்டியரும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மையே. எனினும் பானையைக் கிளறிவிட்டு எடுத்த பருக்கைதான் பதம் சொல்லும். மேலாக மிதக்கும் பருக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு அடியில் இருப்பதும் வெந்துவிட்டது என்று கூறுவது சமையலறையிலும் செல்லாது.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. பெயர் ஒருவருடைய மொழியைச் சொல்லலாம். பிறந்த ஊரைச் சொல்வதில்லை. மாடுங்காவிலே பிறந்து அங்கேயே படித்து வளர்ந்த ஒருவர், சுப்பிரமணியன் என்ற பெயரைத் தாங்கிய ஒரே காரணத்தால் அந்தப் பட்டியலில் ‘வெளியூராராக’ நின்றார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எடைபோடாமல் விடுவது தகாது. 1960 மே முதல் தேதி மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. பம்பாயும் அதனுள் வந்தது. அதற்காகப் போராடிய தலைமுறை, தங்கள் தலைநகரில் தங்களுக்கு உத்தியோகம் கிட்டும் என்று எதிர்பார்த்தது இயல்பே. 1961-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அந்நகர மக்களில் மராட்டி பேசுவோர் ஏறத்தாழ 43 சதவிகிதம். தென்னிந்திய மொழிகளைப் பேசுவோர் எல்லோரும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆங்கிலப் படிப்பும், டைப்ரைட்டிங்கும், சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த தென்னாட்டு இளைஞர், தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் குமாஸ்தா நாற்காலிகளில் தென்பட்டது மெய்தான். படித்துவிட்டு வேலையின்றி நின்ற மராட்டிய இளைஞருக்கு ஆலை முதலாளி கண்ணில் படவில்லை. எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்த ஸ்டெனோகிராபர்தான் பட்டார். பொருளாதார அறிஞர்கள், ஒரு நகரத்தில் உள்ள வேலைகளின் தொகை நிலையானதன்று, வருகிறவர் உழைப்பும் செலவும் புதிய வேலைகளை உண்டாக்குகின்றன என்று எடுத்துரைப்பார்கள். நகரம் முழுவதையும் நீண்ட காலக் கண்ணோட்டத்தில் நோக்கும்போது அது சரி. ஆனால் ஒரு காரியாலயத்தில் காலியான இரண்டு இடங்களுக்கு மனுப்போட்ட இருநூறு பேரிடம் அந்தச் சித்தாந்தத்தைச் சொல்லி ஆறுதல் கூற முடியாது. கணக்கைப் பிழையென்று காட்டிவிட்டால் குறையும் மறைந்துவிட்டது என்று கருதுகிற வழக்கம் நம்மில் படித்தவர்களிடையே அதிகம்.

பின்னர் தென்னிந்தியர் நடத்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டதும், வேட்டி கட்டியவர் கேலிக்கு ஆளானதும் நீங்கள் அறிந்தவை. காலப்போக்கில் இலக்கு மாறியது. 2008 அக்டோபரில் அதே நகரத்தில் ரயில்வே வேலைக்கான பரீட்சை எழுத வந்த வட இந்திய இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். தாக்கப்பட்டவர் வேறு மொழியினர், தூண்டிய கட்சியும் வேறு. வாதத்தில் மட்டும் புதுமை ஏதுமில்லை.

சரி, சர்க்கார் கணக்கு இதற்கெல்லாம் விடை தருகிறதா? தருகிறது, ஆனால் கேள்வி எது என்பதைக் கவனித்தே அந்த விடையை வாசிக்கவேண்டும். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடியே 58 லட்சம் பேர். அப்போதைய ஜனத்தொகை 121 கோடி. மூவரில் ஒருவருக்கு மேல் ‘வந்தேறி’ என்றல்லவா ஆகிறது? அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். தாம் முன்பு வசித்த ஊரை விட்டு வேறோர் ஊரில் குடியேறிய எவரையும் கணக்கு அவ்வாறே பதிந்துகொள்கிறது. அடுத்த கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மணப்பெண்ணும் அதில் அடக்கம். மொத்தத்தில் 21 கோடிக்கு மேற்பட்டோர் விவாகத்தின் காரணமாக இடம்பெயர்ந்தவர்கள். வேலைக்காக என்று காரணம் கூறியவர் ஏறத்தாழ 4 கோடி பேரே. மாநில எல்லையைத் தாண்டியவர் சுமார் 5 கோடியே 40 லட்சம். ஆகவே 45 கோடி என்று மேடையில் முழங்குகிறவரும் பொய் சொல்லவில்லை, 4 கோடி என்பவரும் பொய் சொல்லவில்லை. எந்தத் தொகை எதைக் குறிக்கிறது என்பதை இருவரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

மொழிக் கணக்கைக் குடிபெயர்வுக் கணக்காகக் கொள்வதும் இத்தகைய மயக்கமே. 2011-இல் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 5 லட்சம். இவர்கள் அனைவரும் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்று எண்ணுவோர் கோலார் தங்கவயலைப் பார்த்துவிட்டு வரட்டும். 1880-களில் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து ஏழைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பொன் எடுத்தவர்கள் அவர்களும் அவர்களுடைய சந்ததியாரும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிற இவர்கள் பிறந்த மாநிலம் கர்நாடகம். பாட்டன் பிறந்ததும் அங்கேயாக இருக்கலாம். மொழிப் பட்டியலில் தமிழர். பிறப்பிடப் பட்டியலில் உள்ளூரார். இரண்டும் சரியான கணக்கே.

இனி வேலைக் கணக்குக்கு வருவோம். வேலையில்லாதோரை எண்ணுவது தலைகளை எண்ணுவதைக் காட்டிலும் கடினம். பேராசிரியர் மஹலநோபிஸ் முயற்சியால் 1950-இல் ஏற்பட்ட தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு இந்தக் காரியத்தைச் செய்துவந்தது. 2017 முதல் இதற்கெனத் தனி ஆய்வு நடக்கிறது. அதன் முதல் ஆண்டில் நாடு முழுவதிலும் பொறுக்கி எடுத்த ஏறத்தாழ 1 லட்சத்து 2 ஆயிரம் குடும்பங்களை விசாரித்தார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் ஒருவர் நிலை என்ன என்று கேட்பது ஒரு முறை. கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று கேட்பது மற்றொரு முறை. 2017–18-இல் முதல் முறைப்படி வேலையின்மை 6.1 சதவிகிதம், இரண்டாம் முறைப்படி ஏறத்தாழ 9. குடும்பக் கடையில் சம்பளமின்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணும் இரு முறைகளிலும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுகிறாள். இது மோசடியல்ல. சர்வதேச வழக்கத்தை ஒட்டிய இலக்கணம். இதை மக்களுக்கு முன்கூட்டி விளக்கியிருக்கவேண்டும்.

அதற்கு மாறாக நடந்தது என்ன? அந்த முதல் ஆண்டறிக்கை தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற பிறகும் வெளியிடப்படவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் பி. சி. மோஹனனும், உறுப்பினர் ஜே. வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தனர். சில தினங்களில் 6.1 என்ற எண் ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. அது நகல் மட்டுமே என்று சர்க்கார் தரப்பில் கூறப்பட்டது. பொதுத் தேர்தல் முடிந்த பின், மே 31-ஆம் தேதி, அதே எண்ணுடன் அறிக்கை வந்தது. இடைக்காலத்தில் பிராவிடண்ட் பண்ட் சந்தாதாரர் தொகை பெருகியதை வேலைப் பெருக்கத்துக்குச் சான்றாகக் காட்டினார்கள். ஆனால் சட்டப்படி பதிவு செய்யாதிருந்த ஒரு கம்பெனி பதிவு செய்துகொண்டாலும் சந்தாதாரர் கூடுவர். புதிதாக ஒருவரும் வேலைக்கு வந்திருக்கமாட்டார்.

6.1 என்பதைவிட, அது சில மாதங்கள் பூட்டிவைக்கப்பட்டதே அதிகத் தீங்கு விளைவித்தது என்பது என் அபிப்பிராயம். பின்வந்த ஆண்டுகளில் அதே ஆய்வு வேலையின்மை குறைந்ததாகக் காட்டியது. 2023–24-இல் 3.2 சதவிகிதம். ஆயினும் அதைக் கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. கணக்கு எடுத்தவர்கள் அதே ஊழியர்கள், அதே முறை. நம்பிக்கை போன பின் நல்ல எண்ணுக்கும் மதிப்பில்லாமற் போயிற்று.

கணக்கே எடுக்கப்படாததும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவின் பொருட்டு நாடு முடக்கப்பட்டபோது நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற தொழிலாளர் எத்தனை பேர் என்று எவரும் அறியவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் மாண்டவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை என்று மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் பதிலளித்தது. வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்ய 1979-இலேயே சட்டம் இயற்றியிருந்த நாடு இது! 2016–17-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டுகளை வைத்து, மாநிலங்களிடையே ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் இடம்பெயர்வதாக மதிப்பிட்டது. கெட்டிக்காரத்தனமான வழிதான். எனினும் ரயில் டிக்கெட் ஒருவர் ஏன் போனார், திரும்பினாரா என்று சொல்லாது.

2021-இல் எடுத்திருக்கவேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக் கொண்டு எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். இடையில் பழைய எண்களை வைத்துக்கொண்டு மாநிலங்கள் சட்டம் இயற்றின. ஹரியானா, மாதம் 30 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 சதவிகிதத்தை உள்ளூராருக்கு ஒதுக்கியது. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. கர்நாடகம் 2024 ஜூலையில் இத்தகைய மசோதா ஒன்றைக் கொணர முற்பட்டு இரண்டொரு நாளில் நிறுத்திவைத்தது.

தமிழ்நாட்டிலும் இந்த வாதம் நுழைந்துவிட்டது. திருப்பூர்ப் பனியன் ஆலைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் தொகையை ஆளுக்கொரு விதமாகக் கூறுகிறார்கள். பம்பாய்ப் பட்டியலுக்கு இருந்த ஆதாரங்கூடச் சிலவற்றுக்கு இல்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் படங்கள் பரவியபோது பலர் அஞ்சி ரயிலேறினர். படங்கள் வேறிடங்களில், வேறு சந்தர்ப்பங்களில் எடுத்தவை என்று போலீசார் அறிவித்தனர். பீகார் சர்க்கார் அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி நேரில் விசாரித்தது. மாடுங்காவில் ஒரு காலத்தில் அஞ்சி நின்ற குடும்பங்களின் உறவினரே திருப்பூரில் வீட்டுக்காரராகவும் முதலாளியாகவும் இருக்கக்கூடும்.

கணக்கெடுக்கும் ஊழியர் உங்கள் கதவைத் தட்டும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் பிறந்த இடம், கடைசியாக வசித்த இடம், இடம்பெயர்ந்த காரணம், தாய்மொழி, தெரிந்த பிற மொழிகள் என்பவற்றைத் தனித்தனியே கேட்டார்கள். நம்மவர்களுக்குச் ‘சொந்த ஊர்’ என்றொரு பழக்கம் உண்டு. புனேயில் பிறந்து புனேயிலேயே வாழ்கிறவரும், எந்த ஊர் என்று கேட்டால், தாத்தாவின் வீடு இருந்த திருநெல்வேலியைச் சொல்வார். பிறந்த இடம் எது என்ற கேள்விக்கு அதையே விடையாகக் கொடுத்தால், இல்லாத ஒரு குடிபெயர்வு பதிவாகிவிடும். பிறந்த ஊர் புனே என்றால் புனே என்றே சொல்லவேண்டும். தாய்மொழி தமிழென்று அடுத்த கேள்விக்குச் சொல்லலாம். மராட்டியோ கன்னடமோ தெரிந்தால் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, கூச்சமின்றிச் சொல்லுங்கள். தனிமனிதர் தந்த விவரத்தை எவரும் பார்வையிடவோ, சாட்சியமாகக் கொள்ளவோ 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. ஊழியர் எழுதுவதை அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எவரும் இல்லாத சமயத்தில் அண்டை வீட்டாரிடம் கேட்டு நிரப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் பெயரை மாத்திரம் அறிந்த அவர், உங்கள் பிறப்பிடத்தை ஊகித்தே சொல்வார்.