வாடகை ஏறினால் வாடிக்கையும் மாறும்

நாம் சாப்பிடும் உணவுக்கும் ஒரு வட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பினாங்கின் ஜார்ஜ்டவுனைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

நாசி கண்டார் நம் எல்லாருக்கும் தெரியும். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் தடியின் இரு முனைகளில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு அது. பிறகு தோள்சுமை இறங்கி, காப்பிக்கடை ஓரத்திலும் ஐந்தடி நடைபாதையிலும் கடையாக நின்றது. கீழே வியாபாரம், மேல்மாடியில் குடும்பம் என்பதே கடைவீட்டு வாழ்க்கை. காலையில் பசியாற இறங்கி வரும் அக்கம்பக்கத்தாரே அங்கு வாடிக்கையாளர்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடமாக அது அமைந்தது.

இந்த வாழ்க்கைக்குத் தூணாக இருந்தது வாடகைக் கட்டுப்பாடு. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தியது. 1997இல் அந்தச் சட்டம் ரத்து செய்யப்பட்டது. இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியில் முடிந்தது. குறைந்த வாடகையில் வீட்டைப் பழுதுபார்க்க இயலாது என்ற உரிமையாளர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் வாடகை ஏறியதும் கட்ட முடியாத குடும்பங்கள் வெளியேறின.

2008 ஜூலையில் மலாக்காவோடு ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமானது. பழைய கட்டடங்கள் மட்டுமன்றி, பல இன மக்களின் வாழும் பண்பாடும் அதற்குக் காரணம். சுற்றுப்பயணிகள் பெருகினர். பலரை இழுத்ததே அந்த ஊர்ச் சாப்பாடுதான். கடைவீடுகள் பல, தங்கும் விடுதிகளாகவும் நவீனக் காப்பிக் கடைகளாகவும் மாறின. அக்கம்பக்கத்தாருக்காகச் சமைத்த உணவு புகழ் பெற்றது. அந்தப் புகழே இடத்தின் மதிப்பை உயர்த்தி, அக்கம்பக்கத்தாரை அகற்றவும் துணைபோனது.

புதிய கடைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாழடைந்த கட்டடங்கள் சீரானது நன்மைதான். ஆனால் மக்கள் போய்விட்டால் வாழும் பண்பாடு எங்கே வாழும்?

சிங்கப்பூரில் 1970களிலும் 80களிலும் தெருவோர வியாபாரிகளை, அரசாங்கம் கட்டிய உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். அவற்றில் பல குடியிருப்புப் பேட்டைகளிலேயே இருப்பதால், அண்டை வீட்டார் தினமும் அங்கே சாப்பிட முடிகிறது. ஜார்ஜ்டவுனில் பல கடைவீடுகள் சீனர் குலச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் வக்ஃபுக்கும் சொந்தம். கட்டுப்படியாகும் வாடகையையும் நீண்டகால ஒப்பந்தத்தையும் இவை பழைய குடியிருப்பாளர்களுக்குத் தந்தால், எஞ்சியிருப்போராவது நிலைப்பார்கள்.

அடுத்த முறை பினாங்கில் சாப்பாட்டுக்கு வரிசை பிடிக்கும்போது, அந்தத் தெருக்காரர் யாராவது உங்களுடன் நிற்கிறாரா என்று பாருங்கள். அவரும் நின்றால்தான் அது இன்னும் அந்தத் தெருவின் கடை.